லென்ஸ் வாங்க ஜொகூர் பாரு போய் வந்தது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். தேதியும் மறந்துவிட்டது. சிங்கப்பூருக்குப் பாலம் போட்டுச் சில வருஷம் ஆகியிருந்தது என்பது மட்டும் நிச்சயம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிகாமட்டில் என் வீட்டுக்காரர் போட்டோக் கடை வைத்திருந்தார். படம் விழுந்த கண்ணாடிப் பிளேட்டைக் கழுவுவதும், அதில் முகத்துத் தழும்புகளைப் பென்சிலால் தொட்டு மறைப்பதும் என் வேலை. பெரிய கேமராவின் லென்ஸில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. புதிது வாங்க இருவரும் காலை ஏழு மணி ரயிலில் புறப்பட்டோம். நூறு மைலுக்கு மேல். வழி முழுக்க ரப்பர் மரம். பகல் ஒன்றரைக்கு ஜொகூர் பாருவில் இறங்கினோம்.

கடைக்காரர் நாகூர்ப் பக்கத்துக்காரர். வீட்டுக்காரர் அவரை அண்ணன் முறையில் நானா என்பார். அவர் இரண்டு லென்ஸ்களை எடுத்து வைத்தார். இங்கிலீஷ் கம்பெனியுடையது மலாயாக் காசில் எழுபது வெள்ளி, ஜெர்மன் கம்பெனியுடையது நூற்றுப் பத்து.

"ரெண்டுலயும் ஒரே எடத்தப் புடிச்சிட்டு வாங்க, இங்கேயே கழுவிப் பாக்கலாம். தங்கச்சி சொல்லட்டும் எது நல்லதுன்னு. பென்சில் புடிக்கிற கண்ணு லா," என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலை எட்டு மணி. கடலோரம் மரத்தடியில் ஒரு பெஞ்சு, பின்னால் இரும்புக் கம்பி வேலி. பெஞ்சில் வெள்ளைத் தாடியோடு நம்மவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"பெரியவரே, அஞ்சு எண்ணுற வரைக்கும் ஆடாம இருங்க," என்றார் வீட்டுக்காரர்.

"ஆடறதுக்கு இந்த ஒடம்புல என்னப்பா இருக்கு. எடு."

முதலில் இங்கிலீஷ் லென்ஸில் ஒரு படம் எடுத்தார். அதைக் கழற்றி ஜெர்மன் லென்ஸை மாட்டக் கால் மணி நேரம் ஆனது. சரியாகத் தெரிகிறதா பார் என்று என்னைக் கறுப்புத் துணிக்குள் அனுப்பினார். உள்ளே எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். தரை மேலே இருந்தது. பெரியவர் பெஞ்சோடு அதிலிருந்து தொங்கினார். பாதிக் கண் மூடியிருந்தது. உதட்டில் ஓர் ஈ. அவர் ஓட்டவில்லை. ஆடக் கூடாது என்றதற்காகப் பொறுத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். ஆனாலும் என் கண் அந்த ஈயை விட்டு நகரவில்லை. கிட்டப் போய் "ஐயா" என்று கூப்பிட்டிருக்கலாம். முன்பின் தெரியாத ஆண்பிள்ளை, வாய் வரவில்லை.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்குங்க," என்றேன்.

வீட்டுக்காரர் ஐந்து எண்ணினார். "பலே, இவருதான் ஆளு. கல்லு மாதிரி உக்காந்திருக்காரு." கும்பிட்டார்.  பெரியவர் தூங்கிவிட்டார் என்று நினைத்துக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

பத்து மணிக்கு நானா ஈரப் பிளேட்டுகளை வெளிச்சத்தில் பிடித்தார். பிளேட்டில் வெள்ளையும் கறுப்பும் மாறி விழும், வெள்ளைத் தாடி கறுப்பாகத் தெரியும். இங்கிலீஷ் பிளேட்டில் அது பஞ்சுபோல் கலைந்திருந்தது. ஜெர்மன் பிளேட்டில் ஒவ்வொரு முடியாக எண்ணலாம். உதட்டில் அந்த ஈ, வெள்ளைப் புள்ளியாக.

"இதுக்கு மேல என்ன வேணும்?" என்று வீட்டுக்காரர் ஜெர்மன் லென்ஸை வாங்கிவிட்டார்.

ஸ்டேஷனுக்குக் கடலோரமாகவே நடந்தோம். மரத்தடியில் கூட்டம். பெரியவரின் முகத்தை அவர் துண்டாலேயே மூடியிருந்தார்கள்.

"உக்காந்த மேனிக்கே போயிட்டாரு. தூங்குறாருன்னுல்ல நெனச்சோம்," என்றான் ரிக்‌ஷாக்காரன்.

"பேசாம வா," என்றார் வீட்டுக்காரர்.

ரயிலில் ஜன்னலோரம் இரண்டு பிளேட்டையும் பிடித்துப் பார்த்தேன். கம்பி வேலியும் மரப்பட்டையும் இரண்டிலும் ஒரே துல்லியம். வித்தியாசம் பெரியவரிடம் மட்டும்தான். முதல் பிளேட்டில் அவர் மூச்சு விட்டிருக்கிறார்.

ஊரில் அந்த லென்ஸில் நூறு முகம் எடுத்தோம். ஒன்றுகூட அவ்வளவு கூர்மையாக வரவில்லை. இங்கே மூச்சு விடுகிறவர்கள்தானே வந்து உட்காருகிறார்கள்.

பிளேட் இரண்டும் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. நான் எழுதிய மணிக்கணக்கு தப்பாக இருக்கலாம். ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியிலோ போலீசிலோ பழைய ஏடு இருந்தால் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்: அவர் பேர் என்ன, எத்தனை மணிக்கு உயிர் போனது, நான் கூப்பிட்டிருந்தால் காதில் விழுந்திருக்குமா.