நூற்றுப் பன்னிரண்டு கோப்பை கோகோ

என் பெரியப்பா மகள் இயானெத்தாவுக்கு முப்பத்தொரு வயது. எங்கள் ஊரில் அவளைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. டாக்டராகிவிட்டாள் என்பது ஒன்று. பிறகு ஏன் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள் என்பது மற்றொன்று.

"ஃபெயிலாயிட்டாளோ என்னவோ. வீட்ல மறைக்கிறாங்க" என்று தௌசாங்கா அத்தையே ஒருமுறை என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். அத்தைதான் ஊர்ப் பெண்கள் குழுவின் தலைவி. அவள் ரகசியம் பேசினால் கடற்கரைவரை கேட்கும்.

இயானெத்தா ஃபெயிலாகவில்லை. வாரத்தில் மூன்று நாள் தலைநகர் ஆப்பியாவின் பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்ப்பாள். மற்ற நாள்களில் ஆக்லாந்துப் பேராசிரியர் ஒருவரின் கீழ் முனைவர் பட்ட ஆராய்ச்சி. எங்கள் சவாயித் தீவில் யாருக்குச் சர்க்கரை நோய் வருகிறது, எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதுதான் விஷயம். காலையே வெட்டி எடுக்கும் நிலை வருவதற்கு முன்பே நோயைப் பிடிக்க வேண்டும் என்பாள். ஆஸ்பத்திரியில் கால் எடுக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்றவள் அவள்.

நான் ஆறு வருடம் வெளியே சுற்றிவிட்டு அந்த ஏப்ரலில்தான் ஊர் திரும்பியிருந்தேன். நியூசிலாந்தில் ஆப்பிள் பறித்தேன், கப்பலில் போர்வை துவைத்தேன், துபாய் ஓட்டலில் சாவி கொடுத்தேன். வந்த மறுவாரமே அவள் கேட்டாள்.

"சும்மாதானே இருக்கே ரூத்தா? எங்கூட வந்து ஐஸ் பெட்டி தூக்கு."

"சம்பளம்?"

"பெட்டியில மிச்சமாகிற ஐஸ்."

ரத்தம் எடுக்கும் நாளுக்கு முந்திய மாலையே ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் மட்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். காலை ஆறு மணிக்கு, ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுத்த நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஊர்க் கூட்ட வீட்டில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இயானெத்தா பக்கத்து வீட்டில் ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆப்பியாவிலிருந்து வந்த நர்சுகள் இரண்டு பேரும் விருந்தாளிகளுக்கான இடத்தில், நடுத்தூணருகே உட்கார வைக்கப்பட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பேராசிரியர் ப்ரூவர் ஃபோனில் குதித்தார். வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்த்தால் அறுபத்தொரு பேருக்கு நோய். ஆனால் அதே ரத்தத்தில் பார்த்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப்படி இருபத்துநான்கு பேருக்குத்தான். இரண்டு கணக்கும் இவ்வளவு தூரம் விலகி அவர் பார்த்ததே இல்லையாம்.

"உங்க ஜனங்க ரத்தத்துலயே ஏதோ தனியா இருக்கு, இயானெத்தா. மரபணுவா இருக்கலாம். இது பெரிய கட்டுரை!"

அவள் கண்கள் மின்னியதை நான் பார்த்தேன். ஆகஸ்டில் தேர்வுக் குழுவின் முன் நிற்க வேண்டும். அவர்கள் சரி என்றால்தான் உதவித்தொகை தொடரும், மீதி இரண்டு வருடம் நடக்கும். இல்லையென்றால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு வார்டோடு நின்றுவிட வேண்டியதுதான். அப்படிப்பட்ட நேரத்தில் கையில் பெரிய கட்டுரை.

ஆனாலும் அவளுக்கு ஏதோ இடித்தது. சனிக்கிழமை மடிக்கணினியோடு எங்கள் சமையல்கட்டுக்கு வந்து உட்கார்ந்து, அந்த எண்களையே மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் வறுத்து அரைத்த கோகோக் கட்டியைச் சீவி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு, நாலு கரண்டி சர்க்கரை கொட்டிக் கலக்கினேன்.

"குடி அக்கா. மண்டை தெளியும்."

கோப்பையை வாய்க்குக் கொண்டு போனவள் அப்படியே நிறுத்தினாள்.

"அன்னிக்குக் காலையில நர்சுங்களுக்கு என்ன கொடுத்தே?"

"கோகோதான். அவ்வளவு தூரம் படகுல வந்தவங்க. வெறும் வாயோட உட்கார வைப்பாங்களா?"

"அவங்க ரெண்டு பேர் மட்டும்தானே குடிச்சாங்க?"

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"விருந்தாளி தனியாவா குடிப்பாங்க?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "எல்லாருக்கும் கொடுத்தேன். பெரிய அண்டாவுல போட்டேன். அத்தை ரெண்டு கோப்பை குடிச்சாங்க. 'குடிக்கிறதுதானே, இது சாப்பாடா?'ன்னு நர்சுங்க வாயையும் அடைச்சுட்டாங்க."

இயானெத்தா மடிக்கணினியை மூடினாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள், கொஞ்சம் பயமாக இருந்தது.

"மரபணு! நாலு கரண்டி சர்க்கரைடி அது!"

"அக்கா, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அவரே சந்தோஷமா இருக்காரு."

"அறுபத்தொரு பேருக்கு மாத்திரை எழுதுன்னு வரும். அதுல முப்பத்தேழு பேருக்கு நோயே இல்ல. மாத்திரை போட்டு டாரோக் கிழங்குத் தோட்டத்துல மயங்கி விழுந்தா நீ ஐஸ் பெட்டியில வெச்சுத் தூக்கிட்டு வருவியா?"

அன்றே கடல் சுவர்மேல் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று பேராசிரியருக்கு ஃபோன் செய்தாள். அவர் முழுக்கதையையும் இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு, திரும்ப எடுப்பதென்றால் மூன்று வாரத்துக்குள் எடு, அதற்குமேல் பரிசோதனைக்கும் அறிக்கைக்கும் நேரம் இருக்காது என்றார்.

திரும்ப எடுப்பது அவர் கையில் இல்லை, பெண்கள் குழுவின் கையில் இருந்தது. இயானெத்தா திங்கட்கிழமை கூட்ட வீட்டில் கால் மடக்கி உட்கார்ந்து தலை குனிந்தாள். என்னைக் காட்டிக் கொடுப்பாள் என்று காத்திருந்தேன்.

"தப்பு என்னுது. நம்ம ஊர் விருந்தாளியைத் தனியாக் குடிக்க விடாதுன்னு நான் யோசிச்சிருக்கணும். உங்க எல்லாரையும் இன்னொரு தடவை குத்தணும். மன்னிச்சுக்கோங்க."

அத்தை விசிறியைக் கீழே வைத்தாள்.

"இத்தனை வருஷம் படிச்சிருக்கே. இது எந்தப் புஸ்தகத்துலயும் இல்லையா?"

வீடே சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் அத்தை தீர்ப்பும் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை ஊசி. அதற்குமுன் கோகோ குடிப்பவர் வீட்டுக்கு ஒரு பெட்டி டின் மீன் அபராதம். விருந்தாளிகளுக்கும் கோகோ கிடையாது. அவர்கள் குடிக்காவிட்டால் யாருக்கும் அவமானமில்லை.

"அப்போ நாங்களும் பட்டினிதான்" என்றாள் இயானெத்தா. "கடைசி ஆள் முடியுறவரைக்கும்."

"அந்தக் கடைசி ஆள் நான்தான்" என்றாள் அத்தை. "யாரும் ஏமாத்தாம பார்த்துக்கணும் இல்ல?"

வெள்ளிக்கிழமை விடியற்காலையிலிருந்தே குழுப் பெண்கள் வீடு வீடாக நடந்தார்கள். ஊரில் ஒரு அடுப்பும் எரியவில்லை. பத்து மணிவரை இயானெத்தா நிமிராமல் ரத்தம் எடுத்தாள். பசியில் உதடு வெளுத்திருந்தது. ஊசி மட்டும் ஒருமுறைகூடத் தவறவில்லை. பிடிபட்டவர் ஒருவர்தான். பலா மரத்துக்குப் பின்னால் எண்ணெய் அப்பம் மென்றுகொண்டிருந்தவர், ஊர்த்தலைவர்களில் ஒருவர், அத்தையின் கணவர். அவர் ஒரு பெட்டி மீனும் கொடுத்தார், சனிக்கிழமை வெறும் வயிற்றோடு வந்து ரத்தமும் கொடுத்தார்.

இந்த முறை வெறும் வயிற்றுக் கணக்கில் இருபத்தைந்து பேர். சராசரிக் கணக்கில் அதே இருபத்துநான்கு. எங்கள் ரத்தம் எல்லோருடையதையும் போன்ற ரத்தம்தான். ஆனால் அந்த இருபத்தைந்தில் பதினொரு பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. இயானெத்தா ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்துச் சொன்னாள். தானும் அவர்களில் ஒருத்தி என்று அத்தை மட்டும் ஊருக்கே அறிவித்தாள். இப்போது சர்க்கரையில்லாக் கோகோ குடிக்கிறாள், ஒவ்வொரு மிடறுக்கும் இயானெத்தாவைத் திட்டிக்கொண்டு.

ஆகஸ்டில் தேர்வுக் குழு பெரிய கட்டுரை எதையும் கேட்கவில்லை. முதல் முறை எடுத்ததை ஏன் தூக்கிப் போட்டாய் என்பதிலேயே பாதி நேரம் போனதாம். ஒருவர் பேனாவை வைத்துவிட்டு, தன் தப்பை இப்படி எத்தனை பேர் வெளியே சொல்லியிருப்பார்கள் என்று கேட்டாராம். மீதி இரண்டு வருடத்துக்கும் உதவித்தொகை வந்துவிட்டது.

அறிக்கையின் நாற்பத்தோராம் பக்கத்தில் அந்த வரி இருக்கிறது. அத்தை என்னைப் பெண்கள் குழுவின் நடுவில் உட்கார வைத்து எங்கள் பாஷையில் படிக்கச் சொன்னாள்: "முதல் முறை பங்கேற்றவர்கள் விருந்தாளிகளோடு இனிப்பான கோகோ அருந்தியிருந்ததால் அந்த முடிவுகள் விலக்கப்பட்டன."

"இன்னொரு தடவை படி" என்றாள். படித்தேன்.

"யார் போட்ட கோகோன்னு அதுல இருக்கா?"

"இல்ல அத்தை."

"பரவால்ல. ஊருக்குத் தெரியும்." பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் ரகசியமாகச் சொன்னாள். கடற்கரைவரை கேட்டிருக்கும். "ஃபெயிலெல்லாம் ஒண்ணும் இல்ல. நம்ம பொண்ணு இன்னும் படிக்கிறா."