முகத்துவாரம் வெட்டிய மறுநாள்

காலை ஒன்பது நாற்பது. முதலில் கண்ணில் பட்டது கண்டென்சர் தொட்டியின் வெளிக்குழாய். இடைவிடாமல் தண்ணீர் கொட்ட வேண்டிய அந்தக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் நின்றது.

பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் சத்தம் மாறியிருந்தது. தண்ணீர் இழுக்கும் பம்ப் கனத்த குரலில் முனகும். இது வெறுங் காற்றை இழுத்துக் கிறீச்சிட்டது. ரிட்டோர்ட்டின் மேலிருந்த அழுத்தக் கேஜைப் பார்த்தேன். முள் மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது. அதற்கு நேர் கீழே, அடுப்பு வாயில், ஃபயர்மேன் சிவலிங்கம் குந்தியிருந்து விறகுக் கட்டையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, ரிட்டோர்ட் எப்போது வெடிக்கும் என்பதுதான். அன்று காலை நடந்ததை ஒழுங்காக எழுதிவைத்தால் அந்தக் கேள்விக்குப் பாதிப் பதிலாவது கிடைக்கும்.

1. கல்லும் டயரும்

நான் கல்லடி என்ற ஊர்க்காரன். ஜோர்தானில் எண்ணெய்ப் பாறையைச் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் பரிசோதனை ஆலை ஒன்றில் சில வருடங்கள் ஒப்பரேட்டராக இருந்தேன். அந்தப் பாறைக்குள் எண்ணெய் திரவமாக இல்லை. சூடு பட்டால் எண்ணெயாக மாறக்கூடிய ஒரு பொருள்தான் கல்லோடு கல்லாக இறுகிக் கிடக்கிறது. கல்லை உடைத்து, காற்றுப் புகாத இரும்புக் கலத்துக்குள் போட்டு, வெளியிலிருந்து சூடேற்றினால் அது ஆவியாகக் கிளம்பும். ஆவியைக் குளிர்வித்தால் எண்ணெய். அந்தக் கலத்துக்குத்தான் ரிட்டோர்ட் என்று பெயர்.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு ஏறாவூரில் பழைய டயர் வியாபாரம் செய்யும் ஒரு ஹாஜியார் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். நாடு முழுக்க டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் அவருக்கு வந்த யோசனை அது. பழைய பொய்லர் தகட்டை வளைத்து ஒரு கலம், அதற்குக் கீழே செங்கல் அடுப்பு, பக்கத்தில் ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சர் தொட்டி. குருக்கள்மடத்துக்கு மேற்கே, வீடுகள் முடிந்து வாவிக்கரை தொடங்கும் இடத்தில் கொட்டில் போட்டிருந்தார். வரும் எண்ணெயை அரிசி ஆலைகளும் செங்கல் சூளைகளும் அடுப்பெரிக்க வாங்கும்.

"எனக்குத் தெரிஞ்சது கல்லு, ஹாஜியார். டயர் இல்ல" என்றேன்.

"கல்லுல எண்ணெ எடுத்த மனிசனுக்கு டயர்ல எடுக்க ஏலாதா? டயர் கல்லவிட மெதுவாத்தானே இரிக்கு" என்றார் அவர்.

கொள்கை ஒன்றுதான். வேலைக்குச் சேர்ந்தேன்.

இரண்டு விடயங்களில் மட்டும் இந்தக் கொட்டில் அந்த ஆலையிலிருந்து வேறுபட்டது. ஒன்று, எண்ணெயாகாமல் மிஞ்சும் வாயுவைக் குழாய் வழியே திருப்பி அடுப்புக்கே எரிபொருளாக விட்டிருந்தார்கள். அந்த வாயுக் குழாயின் வால்வை வெல்டர் அடுப்பு வாய்க்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார். அதை இடம் மாற்றவேண்டும் என்று நானும் ஹாஜியாரும் பேசிக்கொண்டே இருந்தோம். மற்றது, குளிர்விப்பு. ஜோர்தானில் ஆலை பாலைவனத்தில் இருந்தது. ஆவியை ராட்சதக் காற்றாடிகள் குளிர்வித்தன. இங்கே கைக்கெட்டும் தூரத்தில் வாவி. பம்ப் ஒன்றைப் பூட்டி, உறிஞ்சு குழாயின் நுனியை, அதாவது ஃபுட் வால்வை, தண்ணீருக்குள் இறக்கிவிட்டிருந்தோம். இவ்வளவு தண்ணீர் எப்போதும் பக்கத்தில் கிடக்கிறதே என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

2. நல்ல செய்தி

அது மாரி மழைக்காலம். பல நாள் பெய்த மழையில் வாவி முட்டி நின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடையில் முகத்துவாரத்தில் மணல் மேடு அடைத்திருந்ததால் தண்ணீர் வெளியேற வழியில்லை. மறுகரையில், படுவான்கரைப் பக்கம், வயல்கள் மூழ்கிக் கிடந்தன. அப்படியான நேரத்தில் விவசாயிகள் போய் அதிகாரிகளிடம் கேட்பார்கள். அவர்கள் பெக்கோ இயந்திரம் கொண்டுவந்து மணலை வெட்டிவிடுவார்கள். வாவி கடலுக்குள் பாயும். வருடா வருடம் நடப்பதுதான்.

சிவலிங்கத்துக்கும் மறுகரையில் வயல் இருந்தது. முதல் நாள் பின்னேரம் அவரும் கூட்டத்தோடு முகத்துவாரத்தில் நின்றார். அன்று விடிய வேலைக்கு வந்தபோது சைக்கிளை நிறுத்த முதலே சத்தம் போட்டார்.

"வெட்டிட்டாங்க அண்ணன்! ஆறு என்ன பாய்ச்சல் பாயுது தெரியுமா. இண்டைக்குள்ள வட்டையில முழங்காலளவு தண்ணி இறங்கிடும்."

வாவியை எங்கள் பக்கத்தில் ஆறு என்றும் வயல்வெளியை வட்டை என்றும்தான் சொல்வார்கள்.

அவருடைய மனைவி புவனாவும் இங்கேதான் வேலை. முற்றத்தில் மூன்று பெண்களோடு இருந்து, டயரிலிருந்து கம்பி உருவுவார். "ராத்திரி முழுக்க இவரால எனக்கு நித்திரையில்ல அண்ணன். கனவுலயும் மண் வெட்டினவரு. எனக்கு ரெண்டு உதை" என்றார். பெண்கள் சிரித்தார்கள்.

"இனி இறால் ஓடுமே, பின்னேரம் கறிக்குக் கொண்டு வாங்க" என்றாள் ஒருத்தி.

நானும் நல்லது என்றேன். வயலுக்கு நல்லது, இறாலுக்கு நல்லது. முற்றத்தில் நின்ற ஆறு பேரும் வாவி இறங்குவதைப் பற்றித்தான் கதைத்தோம். கதைத்த இடத்திலிருந்து பார்த்தால் பம்ப் தெரியும். பிறகு ரிட்டோர்ட்டின் கதவைப் பூட்டி, ஃபுட் வால்வு தண்ணீருக்குள் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அடுப்பைப் பற்றவைத்தோம்.

3. தண்ணீர் போன இடம்

ஒன்பது நாற்பதுக்குப் பம்ப் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். கரை இருந்த இடத்தில் கரை இல்லை. சேறு மினுங்கியது. தண்ணீர் ஒரு வீட்டு வளவின் நீளத்துக்குப் பின்னால் போயிருந்தது. ஃபுட் வால்வு சேற்றுக்கு மேல் நாக்கை நீட்டியதுபோலக் கிடந்தது. குழாயை நீட்டுவதற்குத் துண்டு எதுவும் கொட்டிலில் இல்லை.

பம்ப்பை நிறுத்திவிட்டுத் திரும்பி ஓடி வந்தேன். தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. அதில் குளிராத ஆவி நேரே வாயுக் குழாய்க்குள் போய், அங்கிருந்து அடுப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. வழமையாக நீலமாக நிற்கும் சுவாலை மஞ்சளாகி அடுப்பு வாய்க்கு வெளியே நக்கியது. சூடு ஏற ஏற ஆவி கூடும். ஆவி கூடக் கூடச் சுவாலை பெருக்கும். சுவாலை பெருத்தால் சூடு இன்னும் ஏறும். அந்தச் சக்கரத்தை அறுக்காவிட்டால் ஏதாவது ஒரு மூட்டு பிளந்துவிடும். பிளந்தால் முதலில் அடிபடுவது அடுப்பு வாயில் நிற்கிறவர்.

சிவலிங்கம் எழுந்து பின்வாங்கியிருந்தார். முகம் சிவந்து வியர்த்திருந்தது.

"என்னண்ணன் இது, நான் கட்டை போடாமலே எரியுது?"

"தண்ணி நிண்டுட்டு. ஆறு இறங்கிட்டு."

அவர் வாவிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம்தான். "ஐயோ" என்றார்.

செய்யவேண்டியவை எனக்குத் தெரியும். அவற்றின் ஒழுங்கு மாறக்கூடாது. முதலில் முற்றத்தின் கோடியில் உள்ள ஃபிளேர் குழாயைத் திறந்து, வாயுவைப் பாதுகாப்பாக வானத்தில் எரியவிட வேண்டும். அதன்பிறகு அடுப்புக்குப் போகும் வால்வை மூட வேண்டும். மூடிவிட்டு விறகை வெளியே இழுக்க வேண்டும். ஃபிளேரைத் திறக்காமல் மற்றதை மூடினால் ஆவிக்குப் போக வழி இருக்காது.

"நான் ஃபிளேரைத் திறந்து கை காட்டுவன். கை காட்டின பிறகுதான் நீங்க வால்வைப் பூட்டணும். அதுக்கு முன்னம் கிட்டப் போகாதீங்க" என்றேன்.

"ஓம் அண்ணன். கெதியாப் போங்க."

ஓடினேன். ஃபிளேர் வால்வின் சக்கரம் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் சுற்றித் திறந்தேன். அங்கே தயாராக வைத்திருந்த பந்தத்தைக் கொளுத்திப் பிடித்ததும் மேலே பொங்கிப் பற்றியது. திரும்பிக் கையைக் காட்டினேன். சிவலிங்கம் தலையில் ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டு அடுப்பு வாயை நோக்கிக் குனிந்து போனார். சுவாலைக்குப் பின்னால் அவருடைய உருவம் மறைந்தது.

4. வாளி

அந்த நேரத்தில்தான் புவனாவைக் கண்டேன். கலத்துக்குப் பக்கத்திலுள்ள செங்கல் மேடையில் ஏறி நின்றார். கையில் கிணற்று வாளி, நிறையத் தண்ணீர். மற்றப் பெண்கள் இன்னும் இரண்டு வாளிகளோடு கீழே நின்றார்கள். கணவன் நெருப்புக்குள் நிற்கிறார். நெருப்புக்கு மேலிருக்கும் இரும்பைக் குளிரவைக்க வேண்டும். யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அது ஒன்றுதான் அந்த நேரம் செய்யக்கூடாத காரியம். பழுக்கக் காய்ந்த கலத்தில் தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கும் ஆவி சட்டென்று சுருங்கும். சுருங்கினால் வெளியிலிருந்து காற்றை இழுக்கும். கதவு இடுக்கு, குழாய் மூட்டு, எங்கே வழி கிடைத்தாலும் இழுக்கும். எண்ணெய் ஆவியும் காற்றும் அந்தச் சூட்டில் சேர்ந்தால் கலம் குண்டாகிவிடும்.

"புவனா, ஊத்தாத!"

"அவர் உள்ள நிக்கிறார் அண்ணன்!"

"ஊத்தினாத்தான் அவருக்கு ஆபத்து. ஊத்தாத!"

"நெருப்புக்குத் தண்ணி ஊத்தாம வேற என்னத்தண்ணன் ஊத்துற?"

வாளி சரிந்து தண்ணீர் கொஞ்சம் சிந்தியது. செங்கல்லில் விழுந்து சீறியது. கலத்தில் படவில்லை. எனக்கும் அவருக்கும் இடையில் ஓடிப் பிடிக்கமுடியாத தூரம். காரணத்தை விளக்கவும் நேரமில்லை.

"அந்தத் தொட்டிக்கு ஊத்து! கண்டென்சர் தொட்டிக்கு! அது குளிர்ந்தா அவர் தப்புவார்!" என்று கத்தினேன்.

புவனா என்னைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு உடம்பைத் திருப்பி, மேடையிலிருந்தே வாளியைத் தொட்டிக்குள் கவிழ்த்தார். வெண்புகை கிளம்பியது.

"அள்ளுங்கடி! நிண்டு பாக்காம அள்ளுங்க!"

மற்ற மூன்று பேரும் கிணற்றுக்கும் தொட்டிக்கும் இடையில் வரிசையானார்கள். நானும் சேர்ந்தேன். மாரிக் கிணறு மேலே நிறைந்திருந்ததால் கயிறு தேவைப்படவில்லை, குனிந்து அள்ளலாம். புவனா ஒவ்வொரு வாளியையும் வாங்கி ஊற்றும்போது கணவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் மனைவிமார் அப்படிக் கூப்பிடுவது வழக்கமில்லை. முதல் தடவைகளில் பதில் வரவில்லை.

பிறகு அடுப்புப் பக்கம் இரும்பு உராயும் சத்தம் கேட்டது. மஞ்சள் சுவாலை சுருங்கி உள்ளே போனது. வால்வு மூடியாகிவிட்டது. புகைக்குள்ளிருந்து ஒரு நீண்ட கொக்கி எரியும் கட்டையொன்றை வெளியே இழுத்தது. அதற்குப் பின்னால் சிவலிங்கம் வந்தார்.

"இன்னும் நாலு கட்டை இரிக்கு அண்ணன்" என்றார். இடது கையால்தான் கொக்கியைப் பிடித்திருந்தார். வலது முன்கையில் தோல் சுருண்டிருந்தது.

மிச்சக் கட்டைகளை நான் இழுத்தேன். கேஜ் முள் நின்றது. நின்ற இடத்திலேயே நெடுநேரம் நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. அது முழுக்க இறங்கும்வரை வாளி ஓயவில்லை.

5. புவனா சொன்ன நிபந்தனை

தகவல் கேட்டு வந்த ஹாஜியார் தன் லொறியிலேயே சிவலிங்கத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கை தப்பியது. விரல்களை முழுதாக மடக்கச் சில மாதங்கள் பிடித்தன. ஒரு மாலை நானும் ஹாஜியாரும் அவரைப் பார்க்க வீட்டுக்குப் போனோம். சிவலிங்கம் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார்.

"குழாய இன்னும் தூரத்துக்கு நீட்டுவம் மகன். ஆறு எவ்வளவு இறங்கினாலும் எட்டுற மாதிரி" என்றார் ஹாஜியார்.

"அது சரி ஹாஜியார். கை சுகமானா நான் வாறன்" என்றார் சிவலிங்கம்.

தேத்தண்ணி கொண்டுவந்த புவனா தட்டைக் கீழே வைக்கவில்லை.

"இவர் வாறதெண்டா தண்ணி ஆத்துல நிண்டா சரிவராது. எங்கட கண்ணுக்கு முன்னால, கொட்டிலுக்கு மேல நிக்கணும். இல்லாட்டி இவரும் இல்ல, நானும் இல்ல."

"கோவிக்காத புள்ள. தேத்தண்ணியத் தா முதல்ல" என்றார் ஹாஜியார்.

"தண்ணித் தாங்கி கட்டுறனெண்டு சொல்லுங்க, தாறன்."

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் புவனா பக்கம் என்று அவருக்குத் தெரிந்தது. "கட்டுறன், கட்டுறன். அல்லாவே, தேத்தண்ணி ஆறுது" என்றார்.

இளம் ஒப்பரேட்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். குளிர்நீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது. அதன்மேல் வேறு யாருக்கெல்லாம் தேவை இருக்கிறது, அவர்கள் எந்த நாளில் அதை என்ன செய்வார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முகத்துவாரத்தை வெட்டியவர்கள் தவறேதும் செய்யவில்லை. அது வெட்டப்பட வேண்டிய நாள்தான். நாங்கள் அடுப்பு மூட்டக்கூடாத நாளும் அதுதான். வாயு வால்வு இப்போது கொட்டிலுக்கு வெளியே, சுவரின் மறுபக்கம் இருக்கிறது.

தாங்கி கொட்டிலின் கிழக்குப் பக்கத்தில் நிற்கிறது. கலம் முழுதாக ஒருமுறை ஓடி ஆறும்வரை போதுமான தண்ணீர் அதில் பிடிக்கும். காலையில் ஏணியில் ஏறி மூடியைத் திறந்து பார்ப்பது புவனாவின் வேலை. அவர் மேலிருந்து கையைக் காட்டிய பிறகுதான் சிவலிங்கம் தீப்பெட்டியை எடுப்பார்.