தலைக்குக் குடுமி கட்டியவள்

உசுமாசாவில் சரித்திர நாடகம் எடுக்கும் ஸ்டூடியோவில் ஓரியே முப்பத்தோரு வருஷம் டோப்பா கட்டினாள். பிரபுவோ, கொள்ளைக்காரனோ, சாமியாரோ, அவள் கை படாமல் ஒரு தலையும் கேமரா முன்னால் போகாது. அவள் புருஷன் பன்சாக்கு அங்கேயே துணை நடிகன். அவன் வேலை சாவது. காலையில் கலகக்காரனாக வெட்டுப்பட்டு, மத்தியானச் சோறு தின்றுவிட்டு, அரண்மனைக் காவலாளாக மறுபடி வெட்டுப்படுவான். இருபத்திரண்டு வருஷம் அப்படிச் செத்தும், திரையில் ஒரு தடவைகூட அவன் பெயர் ஓடவில்லை.

அந்த வருஷம் டிவிக்காகப் பெரிய தொடர் ஒன்று ஆரம்பித்தார்கள். பட்டத்துக்கு யார் என்று மந்திரிகள் அடித்துக்கொள்ளும் கதை. உண்மையைப் பேசிய மந்திரியின் தலையை வெட்டி, மரப்பெட்டியில் வைத்து இளவரசன் முன்னால் கொண்டுவருவார்கள். அந்த மந்திரி வேஷம் பன்சாக்குவுக்குக் கிடைத்தது. ஒரு வரி வசனம், பெயரும் போடுவார்கள். ஆனால் பெட்டியில் வைக்கும் ரப்பர் தலையைச் செய்வதற்கு அவன் முகத்தில் சாந்து பூசி அச்சு எடுக்க வேண்டும். அதற்கு மட்டும் அவன் தயங்கினான்.

"வெட்டுப்பட்டு விழுந்தா எழுந்துக்கலாம். இது தலை மட்டும் தனியா இருக்கும். நான் வீட்டுக்கு வந்தப்புறமும் அது அங்கயே கிடக்கும், ஓரியே."

"தினம் சாகற ஆளுக்கு இப்பதான் பயம் வந்துச்சாக்கும்! பேரு வரும்ங்க. பேசாம போய் உட்காருங்க."

அவன் போய் உட்கார்ந்தான். சாயங்காலம் காது மடலில் சாந்து ஒட்டியபடி வீட்டுக்கு வந்தான். மார்ச்சில் அந்தக் காட்சியை எடுத்தார்கள். தலையை மடியில் வைத்துக் குடுமி கட்டியவள் ஓரியேதான். அன்றைக்கு அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மே மாதம் பஸ்ஸுக்கு நின்ற பன்சாக்கு அப்படியே சரிந்தான். மூளையில் ரத்தம் கட்டிவிட்டதாம். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துபோயிற்று. ஜூனில் தொடர் வந்தது. தங்கையோடு உட்கார்ந்து ஓரியே பார்த்தாள். அவன் பெயர் ஓடியது. கொஞ்ச நேரத்தில் இளவரசன் முன்னால் பெட்டியின் மூடியைத் தூக்கினார்கள். அவள் எழுந்து டிவியை அணைத்தாள்.

தலை நன்றாக அமைந்துவிட்டதுதான் வினை. அடுத்த தொடருக்கும் அதையே எடுத்தார்கள், அதற்கடுத்ததற்கும். ஒரு தடவை தலைவிரி கோலமாகக் கொள்ளைக்காரன், ஒரு தடவை மொட்டையடித்த துறவி. வேறு ஆளை வைத்துக் கட்டச் சொல்கிறோம் என்று தலையைச் செய்த சாமான் அறை குசுமி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். "வேற கை அவர் தலையில படணுமா அண்ணே?" என்று அவள் விடவில்லை. ஒன்பது வருஷம். தளத்தில் யார் வெட்டுப்பட்டு விழுந்தாலும், அந்த ஆள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்ளும்வரை அவளுக்கு மூச்சு வராது. வீட்டில் ஒற்றைக் கிண்ணத்தை அலம்பும்போது, பாதி மனுஷன் ஸ்டூடியோ அலமாரியில் இன்னும் வேலை முடியாமல் காத்திருக்கிறான் என்று தோன்றும்.

பத்தாவது வருஷம் குளிர்காலத்தில் குசுமி தலையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். ரப்பர் கழுத்தோரம் வெடித்திருந்தது.

"கோட்டை எரியற காட்சிம்மா. வாசல்ல இதை நட்டு நெருப்பு வைக்கிறாங்க. இதோட முடிச்சிடலாம்ங்கறாரு டைரக்டர்."

ஓரியே சீப்பை எடுத்தாள். மறுபடி கீழே வைத்தாள். "நான்தான் அண்ணே அனுப்பினேன். மாட்டேன்னாரு. கேலி பண்ணி அனுப்பினேன்."

குசுமி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அச்சு எடுத்த மறுநாள் இங்க வந்தாரும்மா. நான் வாயைப் பொளந்து, கண்ணைச் சொருகி, களிமண்ணுல பண்ணி வச்சிருந்தேன். வெட்டின தலைன்னா அப்படித்தானே? பார்த்துட்டு, 'இதை மூடிடுங்க அண்ணே. என் பொண்டாட்டி மடியில வச்சுக் குடுமி கட்டணும். தூங்கற மாதிரி பண்ணுங்க'ன்னாரு."

"ஏன் என்கிட்ட இத்தனை நாளா சொல்லல?"

"'அவகிட்ட சொல்லாதீங்க, சிரிப்பா'ன்னாரு. அப்புறம் போயிட்டாரு. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

அவள் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கவில்லை. பயந்துகொண்டே போனவன் அவள் பயப்படக் கூடாதென்று யோசித்திருக்கிறான். அது இன்னும் கனத்தது.

தலையை மார்போடு அணைத்துக்கொண்டு நேராகத் தளத்துக்குப் போனாள்.

"இதை எரிக்க விட மாட்டேன்."

"அம்மா, அரை மணியில நெருப்பு வைக்கணும்!" என்று டைரக்டர் தலையில் கைவைத்தான்.

"கேமரா எங்கயோ நிக்குது. மூஞ்சியா தெரியப்போகுது? வைக்கோல் கொண்டுவரச் சொல்லுங்க."

வைக்கோல் பந்துக்கு டோப்பா மாட்டி இருபது நிமிஷத்தில் குடுமி கட்டிக் கொடுத்தாள். அது எரிந்து முடிவதைப் பார்க்க நிற்கவில்லை. தலையைத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமைகளில், அந்தத் தலையில் ஒவ்வொரு முடியாக நட்டாள். குடுமி இல்லை. காதோரம் நரைத்த, ஒட்ட வெட்டிய கிராப்பு, அவன் நிஜத்தில் வைத்திருந்தது. கடைசி முடியை நட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவனேதான். அன்றைக்கு அவளால் அந்த அறையில் படுக்க முடியவில்லை.

மறுநாளே தலையை ஒரு பெட்டியில் வைத்துக் கோயில் சாமியாரிடம் கொண்டுபோய், பன்சாக்குவின் கல்லறையைத் திறந்து தரச் சொன்னாள். அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துப் பின்வாங்கினார்.

"அஸ்திதான் ஏற்கனவே உள்ள இருக்கே. ஒருத்தருக்கு ரெண்டு தலையாம்மா?"

"இது வேலைக்குப் போயிருந்தது சாமி. இப்பதான் திரும்பி வருது."

அவர் மேற்கொண்டு கேட்காமல் மந்திரம் சொன்னார். அஸ்திப் பானைக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துக் கல்லை மூடினார்கள்.

அப்புறம் நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். பழைய தொடர்களை மத்தியானத்தில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒருநாள் நூடுல்ஸ் கடையில் தலைக்கு மேலே டிவி ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தபோது, ஆற்றங்கரைப் பலகையில் ஐந்து கொள்ளைக்காரர்களின் தலைகள். நான்கு வாயைப் பிளந்து கிடந்தன, ஒன்று மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. ஓரியே குச்சிகளைக் கீழே வைத்தாள். காட்சி மாறுகிறவரை குனிந்தபடியே இருந்தாள்.

"சூடு ஆறிடுச்சா அம்மா? மாத்தித் தரட்டுமா?" என்று கடைக்காரி கேட்டாள்.

"வேண்டாம்மா, இப்படியே இருக்கட்டும்" என்றாள் ஓரியே. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்க்காமலே சாப்பிட்டு முடித்தாள்.