மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

எல்லாத் தொழிலிலும் குப்பை உண்டு. எங்கள் தொழிலில் குப்பை பித்தளை.

மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பக்கம் ஒரு பழைய களஞ்சியக் கட்டடம். மேலே கராத்தே வகுப்பு. கீழே சுடுதளம். ஆட்கள் வந்து கடதாசியைச் சுட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் போன பிறகு நிலத்தில் கிடக்கிற ரவைக்கோதுகளை, சுட்ட தோட்டாக்களின் வெறுங்கூடுகளை, கூட்டி வாளியில் போடுகிறவன் நான். காந்தம் பித்தளையைப் பிடிக்காது. ஈயத்தூசி எழும்பும் என்பதால் தும்புத்தடியால் கூட்டவும் ஆகாது. தரையை நனைத்து, றப்பர்த் தடியால் இழுக்க வேண்டும். இரண்டு வருடம் இழுத்தேன். துவக்கு ஒன்றையும் தொட்டதில்லை. தொடச் சொல்லி ஒருவரும் கேட்கவும் இல்லை.

பிறகு கேட்டார்கள். அந்தக் கதைதான் இது. வேலை போய்விடும் என்ற பயத்தில், வயது போன காலத்தில் வகுப்பில் குந்தியிருந்தவர்களுக்காக எழுதுகிறேன். கணினி படித்தவர்கள், பிரெஞ்சு படித்தவர்கள், பாரம் தூக்குகிற வண்டி ஓட்டப் படித்தவர்கள் எல்லாரும் என் ஆட்கள். மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பலாம். பயப்பட வேண்டாம், எல்லாம் நல்லபடியாக முடிந்தது. முடிந்திருக்காவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

காப்புறுதிக்காரன் சொன்னது

முதலாளி ஒரு பெண். சில்வி என்று பெயர். நின்றபடியேதான் கதைப்பாள். அன்றைக்கு என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னாள். அப்போதே விளங்கிவிட்டது, நல்ல செய்தி இல்லை.

சுடுதளத்தின் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருக்கிறது. அதைத் தாண்டி நின்றுதான் சுடுவார்கள். என்னுடைய பித்தளையும் அந்தப் பக்கம்தான் கிடக்கும். இனி அந்தக் கோட்டைத் தாண்டுகிற ஊழியர் எல்லாரும் துவக்குப் பயிற்சியில் தேறியிருக்க வேண்டுமாம். இடத்துக்கு இன்சூரன்ஸ் போட்ட காப்புறுதிக்காரன் சொல்லிவிட்டானாம். அந்த மாதத்தில் இடம் இருந்தது ஒரே ஒரு வகுப்பில். ஆரம்ப நிலைத் தந்திரோபாயப் பயிற்சி. ஓடுவது, மறைவது, மறைவிலிருந்து சுடுவது. எனக்கு அறுபத்தெட்டு வயது. முழங்கால் இரண்டும் சொல்வழி கேளாது.

ஆனால் வேலை வேண்டும். தையல் ஆலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று மாதம் வீட்டில் இருந்து பார்த்தேன். மூன்றாம் மாதம் மனைவி ராணி, "இஞ்சாருங்கோ, ஒண்டில் நீங்கள் வெளியில போங்கோ, இல்லாட்டி நான் போறன்" என்றாள். நான்தான் போனேன். கேட்ட இடமெல்லாம் என் நரையைப் பார்த்தார்கள். சில்வி ஒருத்திதான் என் கையைப் பார்த்தாள். அவள் இப்போது சொன்னது பிரெஞ்சில். தமிழில் இப்படி வரும்: "மெஸ்யூ அந்தோனி, ஞாயிற்றுக்கிழமை தேறினால் திங்கட்கிழமை றப்பர்த் தடி உங்களுடையது. தேறாவிட்டால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும், எனக்கும் வழியில்லை."

ராணி

நான் எங்கே கூட்டுகிறேன் என்பது ராணிக்குத் தெரியும். உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குள் ஒருநாள் இரண்டு ரவைக்கோது உருண்டு சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டது. கூட்டுகிற வேலைதானே என்று விட்டிருந்தாள். வகுப்பு என்றதும் விடவில்லை. மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. எனக்கு அதில் பெரிய கரைச்சல் இல்லை. நானும் கதைக்கிற ஆள் இல்லை.

அவள் மன்னார். நான் யாழ்ப்பாணம். இரண்டு பேரும் ஓடி ஓடித்தான் இங்கே வந்து சேர்ந்தோம். சனிக்கிழமை காலை புட்டும் மீன்குழம்பும் கட்டித் தந்தாள். பையைக் கையில் தரும்போது வாய் திறந்தாள்: "துவக்குச் சத்தம் கேளாத இடம் வேணுமெண்டுதானே கடல் தாண்டி வந்தனாங்கள்? இப்ப நீங்கள் சோத்தையும் கட்டிக்கொண்டு அதையே படிக்கப் போறியளோ?"

அட்டை

வகுப்பு வாசலில் ஒருவன் நின்றான். பச்சைக் காற்சட்டை. பெரிய சப்பாத்து. மொட்டையாக வெட்டின தலை. கால் இரண்டையும் அகட்டி வைத்துக்கொண்டு, வருகிறவர்களை மேலும் கீழும் பார்த்தான். இவன்தான் மார்க், படிப்பிக்கப் போகிறவன், முன்பு இராணுவத்தில் இருந்தவன் என்று எனக்கு அப்போது தெரியாது. என் கைக்கும் தெரியாது.

கை தன்பாட்டில் பொக்கெட்டுக்குள் போனது. அட்டையை எடுத்து நீட்டியது. பையைத் திறந்து காட்டியது. பிறகு இரண்டு கையும் மேலே போய்விட்டன. சோதனைச் சாவடியில் நின்று பழகினவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பழகாதவர்களுக்குச் சொல்லி விளங்காது. மார்க் புட்டுப் பெட்டியைப் பார்த்தான். அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பினான். அடையாள அட்டை என்று நான் அவசரத்தில் நீட்டியது சூரியன் படம் போட்ட மருத்துவ அட்டை. நல்ல மனிதன். குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "மெஸ்யூ, உங்களுக்குச் சுகமில்லையா?"

மேசைக்குக் கீழே

பத்துப் பேர் இருந்தோம். முதல் மணித்தியாலம் முழுக்கப் பேச்சு. துவக்கின் வாய் எப்போதும் முன்னுக்குத்தான் பார்க்க வேண்டும். சொல்லும்வரை விரல் விசைக்குள் போகக்கூடாது. 'நிறுத்து' என்றால் நிறுத்த வேண்டும். இதுதான் பாடம். எனக்குப் பிடித்திருந்தது. இதையே எல்லா நாட்டிலும் படிப்பித்திருக்கலாம்.

பிறகு மார்க் எங்களைக் கோட்டுக்குப் பின்னால் மேசைகளில் இருத்திவிட்டு, தான் முன்னுக்குப் போய்த் துவக்கால் ஒரு வெடி வைத்தான். இரண்டு வருடமாக அந்தச் சத்தத்தைத் தடுப்புக் கண்ணாடிக்கு வெளியே இருந்துதான் கேட்டிருக்கிறேன். உள்ளே அது வேறு சத்தம். காதுக்கவசமும் உதவவில்லை. கண்ணைத் திறந்தபோது நான் மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தேன். தலைக்கு மேலே கதிரை. பக்கத்தில் இன்னொருவர். அறுபது வயதுப் பெண், அம்ரா. இதே ஊரில் அஹுன்ட்சிக் பக்கம் இருக்கிறாளாம். மகன் காட்டுப்பக்கம் வீடு வாங்கியிருக்கிறானாம். கரடி வருமாம். அதற்காக வந்தவள்.

"எந்த நாடு?" என்று கேட்டாள்.

"இலங்கை. நீங்கள்?"

"பொஸ்னியா."

"ஓம்" என்றேன், தமிழிலேயே. அவளுக்கு விளங்கியது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தோம். மார்க் முழந்தாளிட்டு எட்டிப் பார்த்தான். சிரிக்கவில்லை. "படுத்த நிலை நாளைக்குத்தான். இன்றைக்கு நின்ற நிலை."

முன்பக்கம்

எனக்குச் சோடியாகப் போட்டது கார்த்திக்கை. சென்னைப் பிள்ளை. முப்பது வயதிருக்கும். கணினி வேலை. வீட்டில் விளையாட்டிலேயே ஆயிரம் பேரைச் சுட்டிருக்கிறானாம். சுவரில் தொங்குகிற துவக்கெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். ரவைக்கூட்டுக்குள் ரவை போடச் சொன்னால் தலைகீழாகப் போடுவான்.

தமிழ் என்று கண்டதும் ஒட்டிக்கொண்டான். "அங்கிள், நீங்க ஸ்ரீலங்காவா? அப்போ உங்களுக்கு இதெல்லாம் அத்துப்படியா இருக்குமே!"

முப்பத்தைந்து வருடமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக் களைத்துவிட்டேன். ஆலையில் கேட்டார்கள். பேருந்தில் கேட்டார்கள். பல்லுப் பிடுங்கினவனும் கேட்டான், நான் வாய் திறந்திருந்த நேரத்தில். "தம்பி, துவக்கின்ர பின்பக்கம் எனக்குத் தெரியாது. முன்பக்கம்தான் தெரியும்" என்றேன்.

கையிலிருந்த ரவையைச் சரியான பக்கம் திருப்பினான். பிறகு சொன்னான்: "வாங்க அங்கிள், ஒரு காபி வாங்கித் தரேன்."

எது மறைப்பு, எது மறைப்பில்லை

மத்தியானத்துக்குப் பிறகு படம் காட்டினார்கள். கார்க் கதவு, சோபா, பலகைச் சுவர், மண்மூட்டை. இதில் எதற்குப் பின்னால் நின்றால் சன்னம் வராது? கார்த்திக் உடனே கார்க் கதவு என்றான். விளையாட்டில் அப்படித்தானாம்.

நான் பேசுகிற எண்ணத்தில் இருக்கவில்லை. வாய் பேசிவிட்டது. கதவு ஆகாது. எஞ்சின் பக்கம் பரவாயில்லை. சோபா ஆளை மறைக்கும், சன்னத்தை மறைக்காது. பலகைச் சுவர் சும்மா. மண்மூட்டை நல்லது, மழையில் நனைந்தால் இன்னும் நல்லது. எல்லாத்திலும் நல்லது பனங்குற்றி. பதுங்குகுழிக்கு மேலே குறுக்காக அடுக்கி, மண் போட வேண்டும். வாசலை நேரே வைக்கக்கூடாது, வளைத்து வைக்க வேண்டும். பிள்ளைகள் உள்ளுக்கு, பெரியாட்கள் வாசல் பக்கம்.

அம்ரா தலையை ஆட்டினாள். அவர்கள் ஊரில் பனை இல்லை, ஆனால் வாசலை வளைப்பது தெரிந்திருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது; இவ்வளவு நீளமாக நான் வீட்டிலும் கதைத்ததில்லை. மார்க் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எல்லாவற்றையும் எழுதினான். எழுதிவிட்டுக் கேட்டான்: "மெஸ்யூ அந்தோனி, அந்த மரம் இங்கே எந்தக் கடையில் கிடைக்கும்?"

பத்து ரவை

ஞாயிற்றுக்கிழமை. பரீட்சை. ஆளுக்குப் பத்து ரவை. பதினைந்து மீற்றர் தூரத்தில் ஆளுக்கொரு கடதாசி. இடையில் எப்போதாவது 'நிறுத்து' என்பேன் என்று மார்க் முன்கூட்டியே சொல்லியிருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சில்வி வந்து நின்றாள். அதையும் கவனித்தேன். தேறாவிட்டால் நாளை காலை நான் ராணிக்கு முன்னால் இருப்பேன், ராணி எனக்கு முன்னால் இருப்பாள். அந்த நினைப்போடு உள்ளங்கை இரண்டையும் காற்சட்டையில் துடைத்தேன்.

துவக்கைக் கையில் எடுத்தேன். முதல் நாள் முழுக்க வெறும் துவக்கு, இன்றைக்கு ரவையோடு. மூன்று கிலோ வரும். ஒரு அரிசிப்பையை விடப் பாரமில்லை. எங்களை ஊர் ஊராகத் துரத்தினது இவ்வளவுதானா என்று இருந்தது. மார்க் சொன்னான். சுட்டேன். தோளில் சின்ன இடி. ஒன்றும் நடக்கவில்லை. கூரை விழவில்லை. ஒருவரும் கத்தவில்லை. இன்னொன்று சுட்டேன். ஆறாவது முடிய மார்க் கத்தினான்: "நிறுத்து!"

அந்தச் சொல் முடியவில்லை, நான் விரலை எடுத்துவிட்டேன். விசையைப் பூட்டு, ரவைக்கூட்டைக் கழற்று, ரவை ஏறுகிற அறையைத் திற, மேசையில் வை. திரும்பிப் பார்த்தால் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. என் முழங்கால் எப்படி அவ்வளவு கெதியாக வந்ததென்று தெரியாது. கார்த்திக் மட்டும் இன்னொரு வெடி வைத்தான். கை விட்டுப் போய்விட்டது, பாவம். அவன் அடுத்த கிழமை திரும்ப வர வேண்டும்.

மிச்ச நாலு ரவையும் சுட்ட பிறகு கடதாசிகளைக் கொண்டுவந்தார்கள். என்னுடையது கடையில் வாங்கினது போல இருந்தது. ஒரு ஓட்டை இல்லை. பக்கத்துக் கடதாசி அம்ராவுடையது. மார்க் எண்ணினான். திரும்ப எண்ணினான். "மதாம், உங்களுக்குத் தந்தது பத்து ரவை. பத்தொன்பது ஓட்டை இருக்கிறது."

அம்ரா என்னைப் பார்த்தாள். "பக்கத்து வீட்டுக்காரர் உதவி செய்தார்" என்றாள்.

நான் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டேன். சில்வியின் முகத்தைப் பார்க்கவில்லை. மார்க் வழியை மறித்துத் தன் தாளைக் காட்டினான். அதில் இருபது கட்டம். குறி பற்றியது ஒரே ஒரு கட்டம். அது மட்டும் வெறுமை. மற்றப் பத்தொன்பதிலும் சரி போட்டிருந்தான். கையெழுத்தை வைத்துவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சில்விக்குக் கட்டைவிரலைக் காட்டினான். பிறகு எனக்குச் சொன்னான்: "சுடத் தெரிந்த ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். துவக்கை இவ்வளவு சந்தோசமாகக் கீழே வைத்த ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

சான்றிதழ்

வீட்டுக்கு வர ராணி கதவைத் திறந்துகொண்டு நின்றாள். முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். நான் சிரிக்கிறேனாம். எனக்குத் தெரியவில்லை.

"தேறிட்டியளோ?"

"ஓம்."

"ஏதும் பட்டதோ?"

"பட்டது. பக்கத்துக் கடதாசியில."

சான்றிதழை வாங்கினாள். பிரெஞ்சு அவளுக்கு வாசிக்க வராது. ஆனால் முத்திரையைத் தடவிப் பார்த்தாள், என் பெயர் இருக்கிற இடத்தையும் தடவினாள். நீண்ட மூச்சொன்று விட்டாள். திங்கட்கிழமை நான் வீட்டில் இருக்கமாட்டேன் என்ற நிம்மதி என்று நினைக்கிறேன். எனக்கும் அதே நிம்மதி. சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆணியையும் சுத்தியலையும் என் கையில் தந்தாள்: "எங்க வேணுமெண்டாலும் கொழுவுங்கோ, மாதா படத்துக்குக் கிட்ட மட்டும் வேண்டாம்."

ஆக, எனக்குச் சுடத் தெரியாது என்பதற்கு இப்போது முத்திரை குத்தின சான்றிதழ் ஒன்று குளியலறை வாசலில் தொங்குகிறது, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வேலை.