ஜப்பானில் ஆட்டம் பார்த்தவர்

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மரக்கறி வாங்கிவிட்டு, குளிருக்கு ஒதுங்கி நான் தேத்தண்ணி குடிக்கிற கடையில்தான் அவரைக் கண்டேன். ஒடிசலான மனிதர். பாரிசில் ஒரு விளையாட்டு மைதானத்தைக் கூட்டித் துடைக்கிற வேலை. ஜப்பானில் இருக்கிற மகள் அவரைக் கூப்பிட்டு, அங்கே உதைபந்தாட்டம் ஒன்று காட்டியிருந்தாள். அங்கே ஆடின கழகம் ஒன்றின் நீலச் சட்டையைக் குளிர்க்கோட்டுக்கு மேலே போட்டுக்கொண்டுதான் எங்கும் திரிவார்.

அன்று தன் மேசையில் இருந்த ஆண்களுக்கு அந்தக் கதையைச் சொன்னார்.

“இஞ்சை சனம் எழும்பிப் போன பிறகுதான் நான் உள்ளுக்குப் போறனான். அங்கை கதிரையிலை இருந்து பாத்தன். மட்ச் முடிய, எல்லாரும் தங்கடை குப்பையைத் தாங்களே பொறுக்கினவை. நானும் குனிஞ்சன். பக்கத்திலை இருந்தவர், டை கட்டின பெரிய மனுசன், அவரும் என்னோடை சேந்து குனிஞ்சவர்!”

“பாருங்கோவன், ரிக்கெட் எடுத்துப் போய்க் கூட்டிப்போட்டு வந்திருக்கிறார்!” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

இன்னொருவன் தன் வெறும் கடதாசிக் கோப்பையை அவர் காலடியில் போட்டான்.

“அண்ணை, மட்ச் முடிஞ்சுது.”

அவர் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. குனிந்து எடுத்தார். என் கதிரைக்குக் கீழே விழுந்திருந்த வடைத் துண்டையும் எடுத்தார். “விடுங்கோ தம்பி” என்று அவருக்குச் சொல்ல வாயெடுத்தவள், காலைத்தான் ஒதுக்கிக் கொடுத்தேன்.

நிமிரும்போது எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: “அங்கை ஒருத்தருக்கும் நான் ஆரெண்டு தெரியாதக்கா.”

அதைச் சந்தோசமாகத்தான் சொன்னாரோ என்னவோ, எனக்கு இன்னும் பிடிபடவில்லை.