இரண்டாவது தடவை

“...அதனால இனிமே எல்லாம் தமிழ்ல மட்டுந்தான் அண்ணாச்சி. மேனேஜர் கண்டிப்பா சொல்லிட்டாரு. என் தொண்டைக்கும் ஓய்வுதான்” என்றார், தென்காசிப் பள்ளிக்கூடத்துச் சின்ன வகுப்பு டீச்சர்.

பிள்ளைகளை மாட்டுவண்டியில் கொண்டுவந்து விடுவது அப்போது என் வேலை. கொல்லம் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் அதில் உண்டு. அவர்களுக்காக டீச்சர் எதையும் தமிழில் ஒரு தரம், மலையாளத்தில் ஒரு தரம் சொல்லுவார். மெலிந்த உடம்பு. கன்னத்தில் எப்போதும் ஒரு அதிமதுரத் துண்டை அடக்கியிருப்பார். சாரல் நாளில் குரல் இன்னும் கட்டிக்கொள்ளும்.

“என் மாட்டுக்கும் ரெண்டு தரம் சொல்லிப் பாருங்க டீச்சர், ஒரு தரத்துக்கு நகர மாட்டேங்கு” என்பேன். அன்றைக்கும் சொன்னேன்; அவருக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

“சேத்துக் கையக் கழுவிட்டு வாங்க” என்றார் பிள்ளைகளிடம், தமிழில் மட்டும். பிள்ளைகள் தொட்டிக்கு ஓடினார்கள். புதிதாகச் சேர்ந்த மலையாளத்துப் பெண்பிள்ளை ஒன்று மட்டும் டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தது.

“சாடை காட்டுங்க டீச்சர், புரிஞ்சுக்கிடும்” என்றேன் வாசலில் நின்றபடி.

“கை கழுவச் சாடை காட்டலாம் அண்ணாச்சி. வயிறு வலிச்சா அது யார்ட்ட போய்ச் சொல்லும்?”

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அலுப்போடு எழுந்தார். மேனேஜர் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு அந்தப் பிள்ளையிடம் போய், அதன் காதோரம் குனிந்தார்.