மின்னுவுக்கு ஆள் தேடிப் போன இரண்டு நாள்

கருங்கல்லுக்குப் பக்கத்தில், ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் பிரீனா தனியாக இருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் மின்னு நிற்கிறது. அவள் கணவன் ஜிபின் வாங்கிய செவலைப் பெண்குதிரை. கத்தாரில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவன், கூட வந்தவர்கள் கார் வாங்கியபோது இதைக் கொண்டுவந்து கட்டினான்.

போன ஆடியில் தோட்டச் சாலையில் ஜிபின் அதன்மேல் போய்க்கொண்டிருந்தபோது, இடப்பக்கத்து ஊடுவழியிலிருந்து ஒரு பைக் ஏறி வந்தது. குதிரை மிரண்டு துள்ளியது. அவன் சாலையோரக் கல்கட்டின் மேல் விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அதன் பிறகு பிரீனா, தக்கலையில் துணிக்கடை வேலைக்குப் புறப்படுமுன் குதிரைக்குப் புல்லை எறிவாள், தண்ணீர் வைப்பாள், வந்துவிடுவாள். தொட்டதில்லை.

ஜிபினும் அவன் கூட்டாளி டெனிஷும் ஆண்டுதோறும் குதிரைப் பிரியர்கள் மாநாட்டுக்குப் போவார்கள். இந்த முறை அது நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தில், சனியும் ஞாயிறும். டெனிஷின் மனைவி ரெனிஷா, பிரீனாவோடு கல்லூரியில் படித்தவள். அவள்தான் வந்து கூப்பிட்டாள்.

"ஏட்டி, நீயும் வா. குதிரையையும் ஏத்திட்டுப் போவோம். அவ்வளவு பேரு வருவாவ, யாராவது கொண்டு போவாவ."

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் பிரீனா சம்மதித்தாள்.

சனிக்கிழமை காலை மேடையில் ஜிபினின் படத்துக்கு மாலை போட்டார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "குதிரைக்காகவே வாழ்ந்த மனுஷன்" என்றார் செயலாளர். பிரீனாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். என்னோடும்தானே வாழ்ந்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

மத்தியானம் மண்டபத்துக்குப் பின்னால் தென்னந்தோப்பில் மின்னுவைக் கட்டிவிட்டு நின்றாள். ஆட்கள் வந்தார்கள். கழுத்தைத் தடவினார்கள், பல்லைப் பார்த்தார்கள், நல்ல எலும்பு என்றார்கள். ஜிபினின் குதிரை என்று தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டார்கள்.

"தப்பா நினைக்காதியம்மா, ஆளக் கொன்ன குதிரையாக்கும். வீட்டுல பிள்ளைய உண்டு" என்றார் ஒருவர். இன்னொருவர் நெற்றியில் சுழியைத் தேடிப் பிடித்து, அது சரியில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். காலையில் படத்தின் முன்னால் கண்ணைத் துடைத்தவர்தான் அவர்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் கால்நடை மருத்துவர் பேசினார். பேச்சு முடிந்ததும் தோப்பில் ஒவ்வொரு குதிரையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மின்னுவின் இடது கண்ணருகே கையை வீசினார். அது இமைக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இந்தக் கண்ணு சுத்தமாத் தெரியாதும்மா. ரொம்ப நாளாகியிருக்கும். மத்ததும் கலங்க ஆரம்பிச்சிருக்கு."

"அதுவும் போயிருமா டாக்டர்?"

"போயிரும். மருந்து விட்டா கொஞ்ச காலம் தள்ளலாம்."

பைக் வந்தது இடப்பக்கம். பிரீனா டெனிஷைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, அவருக்குத் தெரியுமா இது?"

"தெரியும்" என்றான் டெனிஷ். "கண்ணு வடியுதுன்னு நாந்தான் சொன்னேன். ஏறாண்டாம்னும் சொன்னேன். கேக்கல. 'பிரீனாட்ட சொல்லாத, வித்துரச் சொல்லுவா'ன்னான்."

"இத்தன நாளு வாயத் தொறக்காம இருந்தியரா?" என்று ரெனிஷா புருஷன்மேல் பாய்ந்தாள். பிரீனா அவள் கையைப் பிடித்து இழுத்து, "போட்டும்டி, வீட்டுக்குப் போவோம்" என்றாள். மண்டபத்தில் பிரியாணிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

தூறலில் மினிலாரி பின்னால் வர, காரில் மூவரும் வந்தார்கள். வீட்டில் இறக்கும்போது குதிரையின் இடது கால், லாரியிலிருந்து சாய்த்து வைத்த பலகைக்கு வெளியே வழுக்கியது. பிரீனா ஓடிப்போய்த் தோள் கொடுத்தாள். அது நடுங்கியது.

மார்கழிக்குள் வலது கண்ணும் மங்கிவிட்டது. குதிரையைக் கேட்டு யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் டெனிஷ் வந்து கொட்டகையைக் கழுவித் தருகிறான். தேயிலை போட்டுக் கொடுப்பாள், அதிகம் பேசமாட்டாள்.

கொட்டகைக்குள் போகும்போது அது மிரளாமல் இருக்கக் குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். அதனால் கடையில் நடந்தது, மழை, பஸ் தாமதம் என்று எதையாவது சொல்லிக்கொண்டே மருந்து விடுகிறாள். ஜிபினைப் பற்றி மட்டும் அதனிடம் பேசுவதில்லை.